செவலையை ஏன் ஓட்டி வந்தேன்

சேகர், தமிழரசி, இரண்டு பேரும் இதைப் படிக்க வேண்டும். முதலில் தமிழரசி படிக்கட்டும். சேகர், நீ கோபித்துக்கொள்ளாதே. இது முக்கியமாக உன் தங்கைக்கு.

அம்மா தமிழரசி, நீ எனக்கு முகம் கொடுத்துப் பேசி ஏழு வருஷம் ஆகப் போகிறது. போன தை மாதம் உங்கள் அம்மா தவறியபோது வந்தாய். காரியம் முடிகிறவரை இருந்தாய். ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாய். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக்கூடாது என்பது வழக்கம்தான். ஆனால் நீ சொல்லாமல் போனது அந்த வழக்கத்துக்காக இல்லை என்று எனக்குத் தெரியும்.

கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்த மாட்டை, மூன்றாம் வருஷம் வந்து, ஊர் பார்க்க அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போன அப்பனிடம் எந்தப் பெண் பேசுவாள்? ஆஸ்பத்திரிச் செலவுக்கு மாட்டை விற்கப் போகிறேன் என்று உன் மாமியாரிடம் சொன்னேன். அது உண்மை இல்லை. செவலையை நான் விற்கவில்லை. ஓட்டி வந்த காரணம் வேறு. அதைச் சொல்லக்கூடாது என்று உங்கள் அம்மா என் வாயைக் கட்டி வைத்திருந்தாள். இப்போது அவளும் இல்லை, உன் மாமியாரும் இல்லை. உனக்கு இரண்டு பிள்ளைகள் ஆகிவிட்டன. இனி இதை வைத்து உன்னை யாரும் வாழாவெட்டியாக அனுப்ப முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். டாக்டர்கள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில்தான் எழுத முடியும். தப்பு இருந்தால் சேகர் பொறுத்துக்கொள்.

நம் நிலம் உங்களுக்குத் தெரியும். கொள்ளிடத்துத் தென்கரையில் அப்பா விட்டுப் போனது. நான் பிறந்ததே அந்தக் களத்து வீட்டில்தான். நினைவு தெரிந்த நாளிலிருந்து அங்கேதான் விடிந்தது, அங்கேதான் இருட்டியது. பாதிக்கு நெல்லும் வாழையும், பாதிக்கு மாட்டுத் தீவனம். மாடு இல்லாவிட்டால் நிலத்துக்கு எரு இல்லை, நிலம் இல்லாவிட்டால் மாட்டுக்குத் தீனி இல்லை. விடியும் முன் கறந்து, சைக்கிளில் கேனைக் கட்டி, ஸ்ரீரங்கத்து வீதிகளில் ஊற்றிவிட்டு வருவேன். உத்திர வீதியில் ஒரு மாமி, "பெருமாளுக்கு அமுது பண்ணணும், வேற எங்கேயும் கேனைத் திறக்காம நேரா நம்மாத்துக்கு வந்துடணும்" என்பார். மழை என்றும் பண்டிகை என்றும் அந்த மாமியை நான் காக்க வைத்ததில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அந்த ஒரு காரியத்தைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. அதிலிருந்தே எனக்குக் கேடு வந்தது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

தமிழரசிக்குக் கல்யாணம் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் மணப்பாறைச் சந்தையில் ஒரு கறவை பிடித்து வந்தேன். நல்ல மடி, நல்ல நடை. வந்த இடத்தில் அது கன்று வீசிவிட்டது. சினை முற்றுவதற்கு முன்பே கன்று செத்து விழுந்துவிட்டால் நாம் அப்படித்தான் சொல்வோம். கண் பட்டுவிட்டது, வண்டியில் வந்த அலுப்பு என்று நினைத்தேன். அதே கொட்டிலில் நின்ற செவலையைத்தான் தமிழரசிக்குச் சீராகக் கொடுத்தோம். பிறகு வருஷத்துக்கு ஒரு மாடு அப்படிக் கன்று வீசிற்று. கன்று வீசிய மாட்டுக்கு, கன்றைச் சுற்றியிருந்த இளங்கொடி தானாக விழாது. உள்ளேயே அழுகிவிட்டால் மாடு பிழைக்காது. கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு, முழங்கைக்கு மேல் உள்ளே விட்டு, பிய்ந்துவிடாமல் மெல்ல மெல்ல எடுக்க வேண்டும். என் அப்பா அப்படித்தான் எடுத்தார். நானும் எடுத்தேன். தமிழரசி, உங்கள் அம்மா உனக்கும் சொல்லிக்கொடுத்தாள், பெண் கை சின்னக் கை, மாட்டுக்கு வலிக்காது என்று. நம் வீட்டில் அது ஒரு நல்ல பழக்கமாகத்தான் இருந்தது.

எனக்குக் காய்ச்சல் வந்தது ஒரு ஆடி மாதம். மத்தியானம் குளிரும். சாயங்காலம் உடம்பு கொதிக்கும். விடியும்போது வேர்த்து ஊற்றி, பனியனைப் பிழிந்தால் சொட்டும். அந்த வேர்வைக்கு மக்கிப்போன வைக்கோல் நாற்றம். பத்து நாள் இப்படி இருந்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி காய்ச்சல் போய்விடும். நான் கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்புவேன். மறுபடி வரும். ஸ்ரீரங்கத்தில் காட்டிய டாக்டர் டைபாய்டு என்று மாத்திரை கொடுத்தார். மாத்திரை சாப்பிட்டதும் இறங்கிற்று, ஆகவே டைபாய்டுதான் என்று எல்லோரும் நம்பினோம். புரட்டாசியில் இடுப்புக்கு மேலே வலி தொடங்கியது. கார்த்திகையில் கட்டிலை விட்டு எழுந்திருக்க உங்கள் அம்மாவின் தோள் வேண்டியிருந்தது. இடது கால் தரையில் இழுபட்டது.

திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பேர் எழுதவில்லை, அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. முதலில் ஒரு பெஞ்சியில் உட்கார வைத்தார்கள். எனக்கு உட்கார முடியாது, படுக்க இடமில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சீட்டு கொடுத்து ரத்தம் எடுத்தார்கள், சளி எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முதுகெலும்பில் இரண்டு எலும்பு அரித்திருக்கிறது, டி.பி.யாக இருக்கலாம் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். டி.பி. என்றால் நெஞ்சில் வரும், எலும்பில் எப்படி வரும் என்று நான் கேட்டேன். எங்கே வேண்டுமானாலும் வரும் என்றார்கள். அன்றைக்கு முதல் தடவையாகப் பயந்தேன். படுத்தே கிடந்தால் மாட்டை யார் கறப்பது என்பதுதான் அப்போது பயம். பயம் என்றால் என்ன என்று எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை.

பக்கத்துக் கட்டிலில் பாலக்கரைக்காரர் ஒருவர். ஆரோக்கியசாமி என்று பேர், ரிட்டையரான டிரில் மாஸ்டர், சிறுநீரகம் கெட்டுப்போய்ப் படுத்திருந்தார். வந்த அன்றைக்கே வம்புக்கு இழுத்தார்.

"பால்காரரே, தண்ணி கலந்த பாவம்தான் முதுகுல ஏறிக்கிச்சு."

"நான் கலக்குறதில்லீங்க சார்."

"எல்லாப் பால்காரனும் இதத்தான் சொல்றான். நான் என்ன சர்ச்சுல சாமியார் மாதிரி பாவசங்கீர்த்தனமா கேக்குறேன்? சும்மா சொல்லுங்க, படிக்கு எவ்வளவு?"

வலியிலும் சிரிப்பு வந்தது. சிரித்தால் முதுகில் குத்தும். "சிரிக்க வைக்காதீங்க சார்" என்றால், "அட்டென்ஷன்!" என்பார்.

உங்கள் அம்மா விடியலில் எல்லா மாட்டையும் கறந்து ஊற்றிவிட்டு, ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் வந்துவிடுவாள். தூக்கில் ரசம் சாதம். உத்திர வீதி மாமி ஒரு நாள் சாத்துமுது, அவர்கள் வீட்டு ரசம், கொடுத்துவிட்டிருந்தார். அதையும் கொண்டுவந்து, ஆரோக்கியசாமிக்கும் அதில் பாதி ஊற்றினாள். அவர் குடித்துவிட்டு, "அக்கிரகாரத்துச் சாறு, என்னையே மாத்திடும் போலிருக்கே" என்றார். கழுத்துச் சங்கிலி எங்கே என்று நான் அவளிடம் கேட்கவில்லை. சேகர் பட்டாளத்திலிருந்து அனுப்பிய பணம் மருந்துக்கும் படுக்கைக்கும் போயிற்று. வைக்கோலுக்கு எது போயிற்று என்று அவளுக்குத்தான் தெரியும்.

பெரிய டாக்டரம்மா ஒரு நாள் கட்டிலுக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், சத்தமாகப் பேசுவார். படத்தைப் பார்த்தார், என் கையைப் புரட்டிப் பார்த்தார். அகத்தி அறுத்த தழும்பும் வைக்கோல் கீறலும் நிறைந்த கை.

"என்ன தொழில் உங்களுக்கு?"

"விவசாயம்ங்க. மாடு கன்னு வெச்சிருக்கேன்."

"பாலைப் பச்சையா குடிப்பீங்களா?"

"இல்லீங்க. காய்ச்சித்தான்."

"மாடு எதாவது கன்னு வீசிச்சா? நீங்க கைய விட்டு எதாவது எடுத்தீங்களா?"

சொன்னேன். பக்கத்தில் நின்ற சின்ன டாக்டர்களைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கே இன்னொரு தடவை ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். முடிவு வருவதற்குப் பல நாள் ஆயிற்று. வந்ததும் அவரே வந்து சொன்னார்.

அது டி.பி. இல்லை. மாட்டு நோய். ஒரு கிருமி. மாட்டுக்குள் போனால் கர்ப்பப்பையில் குடியிருந்து கன்றைக் கொல்லும். மாடு வெளியில் நன்றாகத்தான் இருக்கும், தின்னும், கறக்கும். கன்று வீசும்போது வருகிற தண்ணீரிலும் இளங்கொடியிலும் அந்தக் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். கையில் ஒரு கீறல் இருந்தால் போதும், மனிதனுக்குள் வந்துவிடும். வந்தால் காய்ச்சல் அலை மாதிரி ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். சில பேருக்கு மூட்டில் உட்காரும், சில பேருக்கு இதயத்தில், எனக்கு முதுகெலும்பில் உட்கார்ந்துவிட்டது. தினமும் ஊசி, வேளைக்கு மாத்திரை, மாதக்கணக்கில் எடுக்க வேண்டும். பிழைத்துக்கொள்வேன். முதுகு பழையபடி ஆகாது.

"இது டி.பி. இல்லைன்னதும் சந்தோஷப்பட வேண்டியதுதானே?" என்றார் டாக்டரம்மா. நம் மாடு எனக்கு இதைக் கொடுத்தது என்பதே எனக்கு இறங்கவில்லை.

அன்று மத்தியானம்தான் நீ என்னைப் பார்க்க வந்தாய் தமிழரசி. உனக்கு நினைவிருக்கும். உப்பிலியபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, மாப்பிள்ளையோடு வந்தாய். ஐந்து மாதம். முகம் பூரித்திருந்தது. முந்தின வருஷம் ஆறாம் மாதத்தில் போன குழந்தைக்குப் பிறகு அன்றுதான் உன் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே பேசினாய்.

"செவலை மறுபடியும் சினைப்பா. ஏழு மாசம். இந்தத் தடவை நல்லா ஈனும் பாருங்க."

"போன தடவை என்னாச்சு?" என்று கேட்டேன்.

"அம்மா சொல்லலையா? கன்னு வீசிடுச்சுப்பா. இளங்கொடியும் விழல. இவங்க ஆளைக் கூட்டியாரேன்னாங்க. நான்தான் வேணாம்னுட்டு, நானே கைய விட்டு அலுங்காம எடுத்துட்டேன். அத்தை கூட மெச்சிக்கிட்டாங்க, பால்காரர் பொண்ணுன்னா சும்மாவான்னு. அடுத்த மாசம்தானே எனக்கு..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டாய்.

உன் கையைப் பார்த்தேன். சின்னக் கை. வளையல் நிறையப் போட்டிருந்தாய். காலையில் டாக்டரம்மா சொன்னது அத்தனையும் அந்தக் கையில் போய் நின்றது. நான் அழுதேன். வலிக்கிறதா என்று கேட்டாய். ஆமாம் என்றேன்.

நீ தண்ணீர் பிடிக்கப் போனபோது உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் டாக்டரம்மாவிடம் ஓடினாள். கொஞ்ச நேரத்தில் ஒரு நர்ஸ் வந்து, "அப்பாவுக்கு ரத்தம் தேவைப்படலாம், பொண்ணு ரத்தம் சேருமான்னு பாக்கணும்" என்று உன்னைக் கூட்டிக்கொண்டு போனாள் அல்லவா? எனக்கு ரத்தம் தேவைப்படவில்லை அம்மா. உனக்குள் அது இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

அந்த முடிவு வருகிறவரை நான் என்ன ஆனேன் என்று எழுத எனக்கு வார்த்தை போதாது. ஊசி போட்டால் காதில் ஒரு ரீங்காரம் வரும், கதிர் அறுக்கிற காலத்தில் வண்டு கத்துகிற மாதிரி. இடது காது அப்போது போனதுதான், இன்னும் திரும்பவில்லை. அந்த ரீங்காரத்துக்குள் படுத்துக்கொண்டு, உன்னைச் சீராட்டி அனுப்பியதாக நினைத்தோமே, எதைக் கட்டி அனுப்பினோம் என்று நினைப்பேன். சாமி கும்பிடக்கூடத் தோன்றவில்லை. ஆரோக்கியசாமி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிண்டலை நிறுத்திவிட்டார். "பால்காரரே, எனக்குத் தெரிஞ்ச ஜெபம் ஒண்ணு இருக்கு, உங்க ஆளுங்களுக்கும் செல்லும், சொல்லட்டுமா?" என்றார். சொல்லுங்கள் என்றேன். அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

உன் ரத்தத்தில் இல்லை என்று வந்தது. உங்கள் அம்மா வராந்தாவில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டரம்மா அதோடு விடவில்லை.

"போன குழந்தை இதனாலதான் போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இப்போ சுத்தமா இருக்கா. ஆனா அந்த மாடு ஈனுறப்போ இவ பக்கத்துல நிக்கக் கூடாது. அந்தக் கொட்டிலுக்கே போகக் கூடாது. மாசமா இருக்கிற பொண்ணு. புரியுதா?"

புரிந்தது. இந்த நோய் வந்த மாடுகள் ஏழு, எட்டாம் மாதத்தில்தான் வீசும். செவலைக்கு ஏழு நடக்கிறது. உன் வீட்டில் மாட்டு வேலை முழுக்க உன் தலையில். கன்று வீசினால் அந்தக் கையை மறுபடி உள்ளே விடப்போவதும் நீதான்.

எல்லாவற்றையும் மாப்பிள்ளையிடம் சொல்லிவிடலாம் என்று நான் சொன்னேன். உங்கள் அம்மா என் வாயைப் பொத்தினாள்.

"சொன்னா அவளை வெச்சிருப்பாங்கன்னு நெனைக்கிறீங்களா? ஒரு பிள்ளை போனதுக்கே ராசியில்லாதவன்னு அந்தம்மா பேசுது. நோவு புடிச்ச மாட்டைச் சீரா குடுத்துப் பிள்ளையைக் கொன்னாங்கன்னு ஊரெல்லாம் சொல்லும். பொண்ணு ஒடம்புலயும் அது இருக்குன்னு சொல்லும். ரத்தத்துல இல்லைன்னு டாக்டர் சொன்னா யாரு கேப்பா?"

"தமிழுகிட்ட மட்டுமாவது சொல்லு."

"அவ வாயில எது நிக்கும்? ராத்திரியே புருஷன்கிட்ட சொல்லிடுவா. நம்ம மேல பழி வந்தா வரட்டுங்க. அவ மேல வரக்கூடாது."

அவள் சொன்னது சரியா தப்பா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அந்த வாரமே அவள் உப்பிலியபுரம் போனாள். எங்களுக்குக் கறவை போதவில்லை, செவலையைக் கொஞ்ச நாள் அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறாள். உன் மாமியார், "குடுத்த சீரைக் கேக்க வந்தீங்களா? சம்பந்தி வந்து கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அவள் திரும்பி வந்து கட்டிலடியில் நின்றாள். நான் கட்டிலோடு கிடந்தேன். சேகர் எல்லையில் இருந்தான். லீவு கிடைக்காது.

பிறகு வந்த நாட்களை நான் நாளாகச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே நாள்தான். விடிந்தால் ஊசி. உங்கள் அம்மா வந்தால் அவள் முகத்தைப் பார்ப்பேன். உப்பிலியபுரத்திலிருந்து தகவல் ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டுவாள். அதற்குப் பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கும். ஒரு நாள் எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்தபோது பக்கத்துக் கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தது. ஆரோக்கியசாமி எங்கே என்று நான் கேட்கவில்லை. நர்சும் சொல்லவில்லை. அவருடைய டம்ளர் மட்டும் ஜன்னல் மேல் இருந்தது, அதையும் மறுநாள் யாரோ எடுத்துப் போனார்கள். அவர் இருந்தவரை அந்த அறையில் ஒரு மனிதன் என்னைக் கேலி செய்ய இருந்தான்.

உப்பிலியபுரம் போய்வர ஒரு நாள் என்னை விட்டுவிடுங்கள் என்று டாக்டரம்மாவைக் கும்பிட்டேன். "இப்போ அலைஞ்சா முதுகு நிரந்தரமா வளைஞ்சிடும். கால் வராமலும் போகலாம்" என்றார். காரணத்தைச் சொன்னேன். மாவுக்கட்டு மாதிரி இறுக்கமான ஒரு பெல்ட்டை மார்பிலிருந்து இடுப்புவரை போட்டு, "போயிட்டு நேரா இங்கதான் வரணும். மாட்டை நீங்க தொடாதீங்க" என்று கையெழுத்துப் போட்டார். உங்கள் அம்மா நம் ஊர் மாட்டு டாக்டரைப் போய்ப் பார்த்து வந்தாள். மாடு நிற்கிற இடத்தின் மண்ணிலும் சாணியிலும்கூட அது இருக்கும், ஈரம் இருந்தால் வெகு நாள் உயிரோடு கிடக்கும், மேல் மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு போடுங்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

பிறகு நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், நீ காத்துக்கொண்டிருக்க வேண்டாம். செவலை நம் கொல்லைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே கன்று வீசியது. மாட்டு டாக்டர் உறை போட்டுக்கொண்டு எடுத்து, குழியில் போட்டு மூடினார். நம் மாடுகளில் பாதிக்கு அது இருந்தது. விற்றால் இன்னொரு வீட்டுப் பெண் கையை விடுவாள். அதனால் ஒன்றையும் விற்கவில்லை. சினைக்கு விடாமல், தனியாகக் கட்டி, தீனி போட்டு, ஒவ்வொன்றாகப் போகப் போக நம் நிலத்தின் கீழ்க்கோடியில் புதைத்தேன். செவலை போன வருஷம்தான் போயிற்று. ஸ்ரீரங்கத்து வீதிகளுக்கு நான் பால் ஊற்றுவதை அப்போதே நிறுத்திவிட்டேன். வயதாகிவிட்டது என்று சொன்னேன், நம்பினார்கள். சேகர், நிலத்தை விற்றுவிட்டு உன்னோடு வந்து இருக்கச் சொல்லி நீ எழுதுகிறாய். விற்றால் கீழ்க்கோடியை யாராவது கிணறு வெட்டத் தோண்டிவிடுவார்கள். நான் இருக்கிறவரை விற்க மாட்டேன். தமிழரசி, உனக்குப் பையன் பிறந்தான் என்று அம்மா பேருக்குக் கார்டு வந்தது. தாயும் பிள்ளையும் நலம் என்று போட்டிருந்தது. அவள் படித்துக் காட்டினாள். என் பேருக்கு எழுதவில்லையே என்று அவள்தான் அழுதாள். நான் அழவில்லை.

இனி அந்த நாள். துறையூரில் ஒரு சின்ன லாரி பேசி, ஒரு மூட்டை சுண்ணாம்புத் தூள் வாங்கிப் போட்டுக்கொண்டு, உன் வீட்டு வாசலில் வந்து இறங்கினேன். மாட்டை ஏற்ற டிரைவரே ஒத்துக்கொண்டிருந்தான். பெல்ட்டு போட்டிருந்ததால் மரக்கட்டை மாதிரி நின்றேன். வாங்க என்று மாப்பிள்ளை மட்டும் சொன்னார்.

உன் மாமியாரிடம் சொன்னேன், ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டியிருக்கிறது, மாட்டை விற்கத்தான் வேண்டும் என்று.

"ஏன் சம்பந்தி, நெலம் இருக்குல்ல? அதுல ஒரு மூலையை விக்கிறது! நெலம் மட்டும் ஒடம்புல ஒட்டிக்கிட்டிருக்கு, பொண்ணுக்குக் குடுத்தது மட்டும் கழண்டு வருதா?"

"அம்மா, விடும்மா" என்றார் மாப்பிள்ளை.

"நீ சும்மா இரு. சினை மாட்டை ஓட்டிட்டுப் போறாரு, உனக்கு வாய் வரல. இவங்க குடுத்த பாத்திரம் பண்டம் உள்ள இருக்கு, அதையும் ஏத்திக்கச் சொல்லு!"

நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவருகில் நின்றாய். உள்ளே போய் வந்தாய். கையில் உன் தோடு.

"இதை வித்துக்குங்கப்பா. செவலையை விட்டுடுங்க. இங்க எனக்குன்னு அது ஒண்ணுதான் இருக்கு."

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். வாயைத் திறந்தால் எல்லாம் கொட்டிவிடும் என்று பயந்தேன். நீ கொஞ்ச நேரம் நீட்டிய கையோடு நின்றாய். பிறகு, "இனிமே எனக்கு அப்பா இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாய். வலது காதில் நன்றாகக் கேட்டது.

டிரைவர் மாட்டை ஏற்றினான். நான் கொட்டிலுக்குத் திரும்பி, கிடந்த மண்வெட்டியை எடுத்து, சாணியையும் ஈர வைக்கோலையும் சாக்கில் அள்ள ஆரம்பித்தேன். உன் மாமியார் கொல்லை வாசலில் நின்று அதைப் பார்த்தார்.

"சாணியைக்கூட விட்டு வைக்கலையே! அடி அம்மா, இப்படி ஒரு சம்பந்தியா!"

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். டிரைவர் தெருவில் பீடி பிடிக்கப் போனான். யாரும் இல்லை.

குனிய முடியாது. மண்டி போட்டுக்கொண்டேன். செவலை நின்ற இடம் முழுக்க மேல் மண்ணைச் சுரண்டிச் சாக்கில் அடைத்தேன். கட்டுத்தறியைத் துடைத்தேன். பால் கறக்கும்போது நீ முதுகைச் சாய்க்கிற மூங்கிலையும் துடைத்தேன். பிறகு சுண்ணாம்பைத் தூவினேன். கொட்டில் வெள்ளையாயிற்று. போதுமா என்று பார்த்தேன். நீ வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கிறவள், கொல்லைக்கும் அப்படியே வருகிறவள். கொட்டிலிலிருந்து கொல்லைக் கதவுவரை நீ நடக்கிற தடம் மண்ணில் பதிந்திருந்தது. மண்டி போட்டபடியே அந்தத் தடத்தின் மேல் கதவுவரை தூவிக்கொண்டு போனேன். கதவுக்கு அந்தப் பக்கம் நீ மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. நிலைப்படியின் ஓரத்தில் விரலால் சுண்ணாம்பைத் தடவினேன். அப்புறம், வந்த வழியே, என் கால் பட்ட இடத்திலும் தூவிக்கொண்டு, பின்பக்கமாகவே நகர்ந்து வெளியே வந்தேன்.